கம்போஸ்ட் டீயைப் பாட்டிலில் அடைக்காதீர்கள்

மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில், மட்கு உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் காற்றூட்டிச் செடிக்குக் கொடுக்கும் கம்போஸ்ட் டீயைத் தயாரிக்கும் முறையை இப்போது யாரும் கேட்பதில்லை. வாளி, மீன்தொட்டி மோட்டார், காற்றுக்கல், துணிப்பையில் கட்டிய மண்புழு உரம், கொஞ்சம் வெல்லம் என்று எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்பதெல்லாம் ஒன்றுதான்: மிச்சத்தை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்? மோட்டாரை நிறுத்திய நாலைந்து மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று நான் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கிவிடும். ஒரு நாள் முழுக்க மோட்டார் ஓட்டி இருபது லிட்டர் எடுத்துவிட்டு, ஏழெட்டு லிட்டர் மிஞ்சியது என்பதற்காகக் கொட்டிவிடுவதா? ஒரு பிடி சோற்றைக்கூட வீணாக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். எனக்கும் கொட்ட மனம் வராது.

திருச்சியில் எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பெரிய தோட்டம் அவருடையது. அவர்தான் இந்தக் கேள்வியை நான் எளிதில் தட்டிக்கழிக்க முடியாதபடி கேட்டார். “ஏம்மா, தோசை மாவை ஃப்ரிட்ஜில் வைத்து ஐந்து நாள் ஓட்டுகிறோம். அதிலும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது, இதிலும் நுண்ணுயிர்தான் வேலை செய்கிறது. அது தாங்கும்போது இது மட்டும் ஏன் தாங்காது?” அன்றைக்கே பயன்படுத்தச் சொல்லித்தான் எல்லோரும் சொல்கிறார்கள் சார் என்றேன். “எல்லோரும் சொல்வது காரணம் ஆகாதம்மா” என்றார். அவர் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது.

மாவில் வேலை செய்கிறவை லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும். காற்று இல்லாமலேயே வாழத் தெரிந்தவை. அவை உண்டாக்கும் புளிப்பே மாவுக்குக் காவல். அந்தப் புளிப்பில் வேறு கிருமிகள் எளிதில் தலையெடுப்பதில்லை. நம் ஊர் இயற்கை விவசாயத்தில் புழங்கும் கரைசல்களில் பலவும் இதே வழியில் வந்தவைதாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யத்தில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் நெய்யும் சேர்ந்து நொதிக்கின்றன. தினமும் கலக்கிவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் போட்டு மூடிவைத்த மீன் அமிலமும் அப்படித்தான். சுபாஷ் பாலேக்கரின் சாணக் கரைசலான ஜீவாமிர்தம் 48 மணி நேரத்தில் தயாராகி ஏறக்குறைய ஒரு வாரம் பயன்பாட்டில் இருக்கும். கரைசல் என்றால் கேனில் ஊற்றி நிழலில் வைப்பது என்ற பழக்கம் நமக்கு இங்கிருந்துதான் வந்தது. அந்தப் பழக்கத்தில் தவறில்லை. அந்தக் கரைசல்களுக்கு அது சரியான பழக்கம்.

காற்றூட்டிய கம்போஸ்ட் டீ வேறு வழியில் வந்தது. அமெரிக்க மண் உயிரியலாளர் ஈலேன் இங்ஹாம் போன்றவர்கள் முன்னிறுத்திய இந்த முறையின் நோக்கமே, நல்ல மட்கு உரத்தில் காற்றோடு வாழும் பாக்டீரியா, பூஞ்சை இழைகள், புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் ஆகியவற்றைத் தண்ணீருக்குள் இறக்கி, உயிரோடு இலைக்கும் வேருக்கும் கொண்டு சேர்ப்பது. இதில் காவலுக்குப் புளிப்பு கிடையாது. இரவும் பகலும் குமிழி விட்டுக்கொண்டிருக்கும் அந்த மோட்டார்தான் காவல். அது நின்றால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒரு லிட்டருக்குள் எவ்வளவு மூச்சு

தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவதற்கு ஓர் எல்லை உண்டு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை. 35 டிகிரியில் ஏழு. எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் மாடியில் திறந்து கிடக்கும் வாளியில் அதற்கு மேல் பெரிதாக ஏற்ற முடியாது. கம்போஸ்ட் டீயில் கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்வார்கள். அப்படியென்றால் சித்திரை வெயிலில் சூடேறிய வாளியில் நமக்கு இருக்கும் இடைவெளி லிட்டருக்கு ஒரே ஒரு மில்லிகிராம். அமெரிக்காவின் ஓரிகன் போன்ற குளிர்ந்த ஊரில் இருந்து எழுதுகிறவருக்கு அதைப்போல மூன்று மடங்கு இருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே எழுதிய நேர அட்டவணையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

இப்போது செலவுப் பக்கம். இருபது லிட்டர் வாளியில் 15 கிராம் வெல்லம் போடுகிறோம் என்று வையுங்கள். லிட்டருக்கு 750 மில்லிகிராம். ஒரு கிராம் சர்க்கரையை நுண்ணுயிர்கள் முழுவதுமாக எரிக்க ஒரு கிராமுக்குச் சற்று அதிகமான ஆக்ஸிஜன் தேவை. மறுநாள் காலைக்குள் அந்த வெல்லத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒரு பகுதி எரியும், ஒரு பகுதி நுண்ணுயிர்களின் உடலாகவே மாறும். சரி, நூறில் ஒரு பங்கு மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் சர்க்கரை. அதை எரிக்கவே எட்டு மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் வேண்டும். மூடிய பாட்டிலில் இருப்பதே ஏழரைதான். நூறில் ஒரு பங்கு வெல்லத்துக்கே போதாத காற்றைக் கொடுத்து, பல கோடிக்கணக்கான உயிர்களை உள்ளே வைத்து, மூடியைத் திருகி இறுக்குகிறோம்.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். கணக்கு சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கணக்கோடு விடுகிற மனிதர் அவர் இல்லை. “செய்து பார்த்துவிடுவோம்” என்றார்.

மூன்று பங்கு

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் மாடியில் ஒரே வாளியில் தயாரானதை மூன்றாகப் பிரித்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுத்துவரை நிரப்பி மூடி மாடிப்படி ஜன்னலில் வைத்தார். இன்னொன்று ஃப்ரிட்ஜில். மீதி, வாளியிலேயே, மோட்டார் ஓடியபடி. மூன்றும் பிரிக்கும்போது ஒரே மணம்: முதல் மழை விழுந்த மண்ணின் மணம். அந்த மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்குகின்றன. மனித மூக்கு அதை மிக மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும்.

மறுநாள் காலை ஜன்னல் பாட்டிலைத் தொட்டபோதே தெரிந்தது. அமுக்கினால் உள்ளே போக வேண்டிய பிளாஸ்டிக் பக்கம் கட்டையாக விறைத்து நின்றது. மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று சீறியது. அடுத்து வந்த நாற்றத்துக்கு இரண்டு அடுக்கு இருந்தது; மேலே புளித்த வாடை, அது கலைந்ததும் அடியில் சாக்கடையை நினைவூட்டும் கந்தக வாடை. தேன் நிறத்தில் இருந்த சாறு கறுத்திருந்தது. அடியில் படிந்த வண்டல் அதைவிடக் கறுப்பு. ஆசிரியர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. காற்று தீர்ந்ததும் காற்றில்லா வாழ்க்கைக்குப் பழகியவை பொறுப்பேற்றுக்கொண்டு ஆல்கஹாலும் கரிம அமிலங்களும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டாக்கியிருக்கின்றன. சாற்றில் இருந்த நைட்ரேட்டிலும் ஒரு பகுதி வாயுவாகிப் போயிருக்கும். எந்தச் சத்துக்காக இதைத் தயாரித்தோமோ அதுவே பாட்டிலின் கழுத்து வழியாக வெளியேறுகிறது.

ஃப்ரிட்ஜ் பாட்டில் எங்களைக் குழப்பப் பார்த்தது. சீறவில்லை, நாறவில்லை. மணமே இல்லை. “பார்த்தாயா, இது நன்றாகத்தானே இருக்கிறது” என்றார் ஆசிரியர். ஒரு டம்ளரில் ஊற்றிக் கைப்பிடிச் சுவர் நிழலில் வைத்தோம். வெயில் ஏறி அது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு முகர்ந்தால், பாசி பிடித்த தொட்டியின் வாடை. குளிர் நுண்ணுயிர்களை மந்தமாக்குகிறது. குளிர்ந்த தண்ணீரில் ஆக்ஸிஜனும் கூடுதலாகக் கரைந்திருக்கும். அதனால் கெடுவது தள்ளிப்போகிறது. ஆனால் மூடிய பாட்டிலில் உள்ள கையிருப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. தோட்டத்துக்குக் கொண்டுவரும்போது அதை எப்படியும் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். அவசரத்துக்குச் சில மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துச் சாயங்காலம் வேருக்கு ஊற்றினேன் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போக மாட்டேன். நாள் கணக்கில் என்றால் போவேன்.

வாளியில் ஓடிக்கொண்டிருந்த மூன்றாவது பங்கில்தான் ஆசிரியரின் அடுத்த கேள்வி பிறந்தது. நுரை அடங்கியிருந்தாலும் மண் மணம் மாறவில்லை. “அப்படியானால் மோட்டாரை நிறுத்தாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாமே?” ஒரு நாள் வேண்டுமானால் கூடுதலாகக் கிடைக்கும் என்றேன். அதற்கு மேல் உள்ளே தீனி இல்லை. பட்டினி கிடக்கும் பாக்டீரியா ஒடுங்கத் தொடங்கும். அவற்றைத் தின்னும் புரோட்டோசோவா பெருகும். நேற்று இருந்த கூட்டம் இன்று இருக்காது. கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது, ஆனால் நாம் தயாரித்த பொருளும் அதுவாக இல்லை. திரும்ப வெல்லம் போட்டால் ஆக்ஸிஜன் தேவை மறுபடி ஏறும். அதோடு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அதை மூக்கு சொல்லாது.

மொலாசஸ், வெல்லம் போன்ற தீனி சேர்த்த கம்போஸ்ட் டீயில் ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் இம்மியளவு இருந்தாலும் மறுபடி பெருக முடியும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் தேசிய இயற்கை வேளாண் தரக் குழு அமைத்த பணிக்குழு 2004-ல் இதே கவலையோடுதான் அறிக்கை கொடுத்தது. தீனி சேர்த்துத் தயாரித்து, சோதனை செய்யாத சாற்றைப் பச்சைச் சாணத்துக்கு இணையாகவே நடத்த வேண்டும், அதாவது மண்ணைத் தொடும் விளைபொருள் என்றால் அறுவடைக்கு 120 நாள் முன்பும் மற்றவற்றுக்கு 90 நாள் முன்பும் நிறுத்திவிட வேண்டும் என்ற திசையில் அது போயிற்று. கொத்தமல்லியும் புதினாவும் நாம் பச்சையாகச் சட்னி அரைக்கிறோம். அவற்றின் இலையில் வெல்லம் சேர்த்த கம்போஸ்ட் டீயை நான் தெளிப்பதே இல்லை. மற்றக் கீரைகளுக்கும் வேரோடு சரி. குழந்தைகள் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும் குட்டித் தக்காளிக்கும் இதே சட்டம்தான்.

மின்சாரம் போனால்

இதெல்லாம் தெரிந்த பிறகும் நம் ஊரில் கை மீறிப் போகும் ஒரு விஷயம் மின்வெட்டு. ஆடிக் காற்றில் நள்ளிரவில் மின்சாரம் போய் விடிகாலையில் வந்தால் வாளியில் இருப்பதை என்ன செய்வது? மின்சாரம் எப்போது போனது என்பதைப் பொறுத்தது என்பேன். வெல்லம் போட்ட முதல் பாதியில்தான் பெருக்கம் வேகம். ஆக்ஸிஜன் பசியும் அப்போதுதான் உச்சம். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் காற்று நின்றாலே நான் அதை இலைக்குக் கொண்டுபோக மாட்டேன். கடைசிக் கட்டத்தில் அரை மணி நேரம் நின்று, மணமும் மாறாமல் இருந்தால், நீர்த்து வேருக்கு ஊற்றலாம். மண் மணம் போய்விட்டதென்றால் யோசனைக்கே இடமில்லை, உரக்குழிக்குத்தான். உரக்குழியில் அது வீணாவதில்லை. காய்ந்த சருகுக்கு ஈரமும் நைட்ரஜனும் கிடைக்கிறது, கெட்ட கூட்டத்தை அங்கிருக்கும் பெரிய கூட்டம் அமுக்கிவிடும். அலங்கார மீன் கடைகளில் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் கிடைக்கிறது. பெரிய வாளி வாங்குவதைவிட அதை வாங்கி வைப்பது நல்லது.

தயாரிக்கும் நேரத்தைத் தெளிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பலர் கையில் நேரம் கிடைத்தபோது ஆரம்பித்துவிட்டு, முடியும்போது உச்சி வெயிலில் நிற்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரில் இலைமேல் விழுந்த நுண்ணுயிர் பிழைக்காது. காலை ஆறு மணிக்குத் தெளிக்க வேண்டுமென்றால் குளிர் மாதங்களில் முந்தைய நாள் அதிகாலையிலேயே வாளியை ஏற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் முந்தைய நாள் முற்பகல் போதும். சூட்டில் எல்லாம் வேகமாக நடக்கிறது. வாளியைச் சுற்றி ஈரச் சாக்கு சுற்றி நிழலில் வைத்தால் இன்னும் நல்லது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அரை நாள் முன்பே பிடித்து காற்றுக்கல்லை ஓடவிட வேண்டும். இதைத் தொடக்கத்தில் எல்லோரும் செய்கிறார்கள். முடிவில் நீர்க்கும்போது மட்டும் நேராகக் குழாயைத் திறந்து ஊற்றிவிடுகிறார்கள்! நீர்க்கும் தண்ணீரும் குளோரின் போனதாக இருக்க வேண்டும்.

தெளிப்பானுக்குள் ஊற்றும் முன் நைலான் வலையில் வடிகட்டினால் நாசில் அடைக்காது. மிக நெருங்கிய துணியில் வடிகட்டினால் பூஞ்சை இழைகள் அதிலேயே தங்கிவிடும். இலைக்கென்றால் நான் அப்படியே தெளிப்பேன், வேருக்கென்றால் ஐந்து பங்கு தண்ணீர். முடித்ததும் தெளிப்பானையும் காற்றுக்கல்லையும் அந்த இடத்திலேயே தேய்த்துக் கழுவிவிட வேண்டும். மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உட்புறத்தில் வழவழப்பாக ஒரு படலம் ஏறிவிடும். அடுத்த வாளியைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் படலம்தான்.

இந்தச் சாறு நோயைத் தடுக்கும், மகசூலைக் கூட்டும் என்றெல்லாம் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆய்வுகள் ஒரே குரலில் அப்படிச் சொல்லவில்லை. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா சாக்கர்-ஸ்காட் போன்றவர்கள் இதை வெளிப்படையாகவே கேள்வி கேட்டிருக்கிறார்கள். களைத்த க்ரோ பேக் மண்ணுக்கு நல்ல மட்கு உரத்தின் உயிரைப் பரவலாகக் கொண்டு சேர்க்க இது உதவுகிறது என்பது என் நம்பிக்கை. அதனால்தான் புதிதாக இருக்கும்போதே உறுதியில்லாத ஒன்றைப் பழையதாக்கிப் பயன்படுத்துவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விவசாயக் கண்காட்சிகளில் கம்போஸ்ட் டீயைச் சீல் வைத்த பாட்டிலில் விற்கிறார்கள். உயிருள்ளது என்று லேபிள் சொல்கிறது. தயாரித்த தேதிகூட இல்லாத பாட்டில்களைப் பார்த்திருக்கிறேன். திரவ அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்கள் எல்லாம் பாட்டிலில்தானே வருகின்றன என்று விற்பனையாளர்கள் பதில் சொல்கிறார்கள். அவை தேர்ந்தெடுத்த ஒரே வகை நுண்ணுயிரைத் தூய்மையான ஊடகத்தில் வளர்த்து, செல்களைக் காக்கும் பொருள்கள் சேர்த்து, எண்ணிக்கையும் காலாவதித் தேதியும் போட்டு வருபவை. பேசில்லஸ் வகைகள் வித்து உறை கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தூங்கக்கூடியவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவையும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற பூஞ்சையையும் டால்க் பொடியில் கலந்து கொடுக்கிறது. நூற்றுக்கணக்கான வகைகள் விழித்து, தின்று, மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் ஒரு வாளிச் சாற்றை இவற்றோடு சேர்த்துப் பேச முடியாது. ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிப்போய்ச் செடிக்கு ஊற்றுகிறவர், செடி வாடினால் இயற்கை முறையையே குறை சொல்லுவார். அந்த இழப்பு விற்றவருக்கு இல்லை.

சேர்த்து வைக்க ஆசையிருந்தால் உரத்தைச் சேர்த்து வையுங்கள். நன்றாக மட்கி, பிடித்தால் உருண்டு விரலால் தட்டினால் உதிரும் ஈரத்தில், நிழலில், காற்று புகும் சாக்கில் கட்டி வைத்த மண்புழு உரம் மாதக்கணக்கில் தன் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கும். அதன் துகள்களுக்கு நடுவே காற்று தானே போய்வருகிறது, மோட்டார் தேவையில்லை. தேவைப்படும் காலையில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இருபது லிட்டர் வாளி வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு ஐந்து லிட்டர் வாளி தாராளம். ஆசிரியரும் நானும் இப்போது பக்கத்து மூன்று வீடுகளோடு சேர்ந்து ஒரே வாளியாகப் போடுகிறோம். முந்தைய நாளே யாருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டுக்கொள்கிறோம். காலையில் அவரவர் வாளியோடு வந்து வாங்கிப்போகிறார்கள். ஏழு மணிக்குள் வராதவர் பங்கு எங்கள் வீட்டு முருங்கைக்குப் போய்விடும். இதை முதலிலேயே சொல்லிவிட்டோம்.